பாடத்திட்டத்துக்கு ஒரு வெளியாள்

போனை உறையில் போட்டு, மேலே கலாமணி என்று எழுதி, அலுவலக உதவியாளர் மயில்சாமியிடம் கொடுத்தாயிற்று. இனி தேர்வு முடிகிறவரை நான் யாருக்கும் கிடைக்க மாட்டேன், எனக்கும் யாரும் கிடைக்க மாட்டார்கள். கண்காணிப்பு வேலையில் இருக்கிற ஒரே சுகம் இதுதான் என்று முன்பெல்லாம் நினைப்பேன். உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, பக்கத்து அறை ஆசிரியரோடு வாசலில் நின்று பேசக் கூடாது. உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டு மேடையில் ஒரு நாற்காலியையும் போட்டுவைப்பது இந்தக் கல்லூரியின் குணம். விடைத்தாள் கொடுத்தாயிற்று, கேள்வித்தாள் கொடுத்தாயிற்று, ஹால் டிக்கெட்டில் இருக்கிற முகமும் பெஞ்சில் இருக்கிற முகமும் ஒன்றுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பரீட்சை. கணக்குப் பாடம் என்பதால் கேள்வித்தாளைப் படித்துப் பொழுது போக்கவும் எனக்கு வழியில்லை. மின்விசிறிகளில் ஒன்று மட்டும் கடக் கடக் என்கிறது. ஜன்னலுக்கு வெளியே சத்தி ரோட்டில் லாரிகள். முழங்கால் இப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் முதல் மணிகூட அடிக்கவில்லை. நடக்கிறேன். நடந்தால் தூக்கம் வராது, ஆனால் நினைப்பு வரும். நினைப்பு வந்தால் அது இன்றைக்கு ஒரு மணிக்குள் டீனுக்கு அனுப்ப வேண்டிய அந்தப் பாடத்திட்டத்தில்தான் போய் நிற்கும், அங்கிருந்து வீட்டுக்குப் போகும், வீட்டிலிருந்து திரும்ப இங்கேயே வரும். வரட்டும். பன்னிரண்டரைக்குத் தேர்வு முடிந்ததும் அனுப்பிவிடலாம், அதுவரை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

எம்.பி.ஏ. இரண்டாம் வருஷத்துக்கு ஒரு விருப்பப் பாடம். மருத்துவர், வக்கீல், ஆடிட்டர், கட்டடம் வரைகிறவர், இப்படித் தன் படிப்பையும் புத்தியையும் விற்றுப் பிழைக்கிறவர்கள் எப்படி ஆள் பிடிக்கிறார்கள் என்பதுதான் பாடம். இங்கிலீஷில் எழுதும்போது இவ்வளவு பச்சையாக இருக்காது. சோப்பு விற்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் வேறு சோப்பு. பம்ப்செட் விற்கலாம், தண்ணீர் வருகிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். ஆடிட்டர் போட்ட கணக்கு நல்ல கணக்கா என்று யாருக்குத் தெரியும்? வேலை முடிந்த பிறகும் தெரியாது. வருமான வரி நோட்டீஸ் வராமல் இருந்தால் நல்ல ஆடிட்டர். அது அவர் திறமையா, இல்லை அதிகாரி லீவில் போயிருந்தாரா, யார் கண்டது? முதல் வகுப்பு இதுதான், வாங்கிய பிறகும் தரம் தெரியாத சரக்கு. இரண்டாவது வகுப்புக்குக் கைராசி என்று பெயர் வைத்தேன். அந்தப் பல் டாக்டருக்குக் கைராசிங்க, அந்த வக்கீலுக்குக் கைராசி பத்தாதுங்க என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிறது, இதைவிடப் பெரிய சந்தை ஆய்வு எங்கே நடக்கும்? அதை இங்கிலீஷில் மாற்றப் பார்த்தேன், மூன்று வரி வந்தது, மூன்றிலும் கையும் இல்லை ராசியும் இல்லை, அடித்துவிட்டேன். மூன்றாவது வகுப்பு விளம்பரத் தடை. டாக்டரும் வக்கீலும் ஆடிட்டரும் விளம்பரம் செய்யக் கூடாது, எனக்கு வேலை கொடுங்கள் என்று யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது, அது அவரவர் தொழிலின் விதி. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது உலக வழக்கு. இந்தப் பிள்ளைகள் அழவே கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். இப்போது கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்களாம். தளர்த்தினால் மட்டும் எல்லோருக்கும் வாய் வந்துவிடுமா? பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு என்பார் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர், அவரும் ஆடிட்டர்தான். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம் பூ மார்க்கெட்டுக்குள் ஒருமுறை போய் வந்தவர்கள் அந்தப் பழமொழியைச் சொல்ல மாட்டார்கள். அங்கே கடைக்காரர்கள் கத்துகிற கத்தலில் வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் காது அடைத்திருக்கும்.

பாக்கி எல்லாம் முடிந்தது. எட்டாவது வகுப்பு ஒன்றுதான் இழுத்துக்கொண்டிருந்தது. டீன் நரசிம்மன் சென்னையிலிருந்து இந்த வருஷம்தான் வந்திருக்கிறார், அவர் போட்ட ஒரே நிபந்தனை, வெளியே தொழில் செய்கிற ஒருவர் வந்து ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுக்க வேண்டும், அவர் பெயர் திட்டத்திலேயே இருக்க வேண்டும். பெயரைப் பார்த்துத்தான் பசங்க சேருவாங்க மேடம் என்றார். போன வருஷம் நான் எழுதிய கிராமச் சந்தைப் பாடத்துக்கு ஆள் சேரவில்லை என்று மூடிவிட்டார்கள். இதுவும் மூடினால் என்னைத் தேர்வுத் துறையில் தள்ளிவிடுவார்கள், பிறகு வருஷம் முழுக்க இந்த நடைதான், இந்த நாற்காலிதான். அதனால் டீன் சொன்ன பெயரையே எழுதினேன். கௌதம் சொக்கலிங்கம். ரேஸ்கோர்ஸில் கண்ணாடிக் கட்டடத்தில் பெரிய ஆடிட்டிங் நிறுவனம் நடத்துகிற பையன், பையன் என்ன, நாற்பது இருக்கும். நன்றாகப் பேசுவார் என்கிறார்கள். எழுதியாயிற்று, அனுப்ப வேண்டியதுதான். பிறகு ஏன் காலையிலிருந்து இவர் சொன்ன அந்தச் செரி என் காதிலேயே நிற்கிறது? சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தேன், இவர் சாப்பாட்டு மேசையில் இட்லியைப் பிட்டுக்கொண்டு, கலா, அந்தப் பாடத்துக்கு வெளியாளு ஒருத்தரு வரோணும்னியே, ஆளு முடிவாயிருச்சா, என்றார். ஆயிருச்சுங்க, டீன் சொன்ன ஆளுதான், ரேஸ்கோர்ஸ் கௌதம், என்றேன். இன்னைக்கே அனுப்போணுமா? ஒரு மணிக்குள்ளீங்க. செரி. அவ்வளவுதான். பிறகு எழுந்துபோய்த் தட்டைக் கழுவிவைத்தார், வேலைக்கார அம்மா வருவாள் என்று தெரிந்தும். நான் வேறு அவசரத்தில் பால்கனிக்குத் துண்டெடுக்கப் போனேன், கொடியில் இவருடைய பழைய கோட்டு தொங்குகிறது, என் காட்டன் சேலைகளை எல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு. பூச்சிக்குப் போட்ட ரசகற்பூர நெடி ஒரேயடியாக. ஏனுங்க, யாரு கல்யாணம், என்றேன். சும்மாதான், வெயில் காட்டலாம்னு, என்றார். சேலை கசங்கிய எரிச்சலில் நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

கல்யாணம் என்றதும் ஆவணியில் போன கல்யாணம் வந்துவிடுகிறது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் அங்கேதான் போய் முட்டுகிறேன். ஆடிட்டர்களுக்குக் கல்யாண மண்டபம்தான் விளம்பரப் பலகை. அதை ஐந்தாவது வகுப்பில் வைத்திருக்கிறேன். முகூர்த்தத்துக்குப் போக வேண்டும், முன்வரிசைக்குப் பின்வரிசையில் உட்கார வேண்டும், பந்தியில் யாராவது பக்கத்து இலைக்காரரிடம், இவரு நம்ம ஆடிட்டருங்க, என்று சொல்ல வேண்டும். அந்த நம்ம என்ற ஒரு வார்த்தைதான் மொத்தத் தொழிலும். நம்ம டாக்டரு, நம்ம வக்கீலு, நம்ம ஆடிட்டரு. ஒருவன் நம்ம ஆகிவிட்டால் அவன் கட்டணத்தைக்கூட யாரும் கேட்பதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இவர் ஒரு வார்ப்பட ஆலைக்காரருக்கு நம்ம ஆடிட்டர். பெரியவர் படுத்துவிட்டார், மகன் வந்தான், கணக்கெல்லாம் அந்த ரேஸ்கோர்ஸ் நிறுவனத்துக்குப் போயிற்று, இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஃபைல்களை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தனுப்பினார். அதே வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, போனோம். மகன் நல்ல பையன்தான், மரியாதையாக வந்து இவர் கையைப் பிடித்து, தன் மாமனாரிடம், இவரு அப்பா காலத்து ஆடிட்டருங்க, என்றான். இவர் சிரித்துக் கும்பிட்டார். நான் என் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது லட்சுமி மில் சிக்னலில் கார் நின்றது. பச்சை விழுந்ததும், ரசம் நல்லா இருந்துச்சு, என்றார். ஆமாங்க, என்றேன். அதற்குப் பிறகு இன்னும் சில வாடிக்கையாளர்கள் போனார்கள். காந்திபுரத்தில் டயர் கடைக்கு மேல் இருக்கிற ஆபீசில் இப்போது ஒரே ஒரு உதவியாளர். இவர் நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்து, வேலை முடிஞ்சிருச்சு, என்கிறார். வந்து சோபாவில் உட்கார்ந்தால் பேப்பரை மடித்த மடிப்பிலேயே திரும்பத் திரும்பப் படிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. காசுக்காக இல்லை, என் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம். இந்த மனுஷர் இப்படியே பேச்சைக் குறைத்துக் குறைத்து ஒரு நாள் சோபாவோடு சோபாவாக ஆகிவிடுவாரோ என்றுதான் பயம். கேட்டும் தொலைக்க மாட்டார். சாம்பாரில் உப்பு இல்லை என்றால்கூட, உப்பு இல்லை என்று சொல்ல மாட்டார். சாப்பிட்டு முடித்து, நீயும் உக்காந்து சாப்புடு, என்பார், நான் ஒரு வாய் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேம், அடிஷனல் ஷீட். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்குகிறாள், கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன், தாள்களைக் கட்டுகிற நூலை இப்பவே தரட்டுமா கடைசியில் தரட்டுமா என்று கேட்கிறேன், கடைசில மேம் என்கிறாள். திரும்பி நடக்கிறேன். எங்கே விட்டேன்? எட்டாவது வகுப்பு. கௌதம் என்ன பேசுவார்? அவர்கள் நிறுவனத்துக்கு எத்தனை ஊரில் கிளை, எப்படி வளர்ந்தார்கள், படம் போட்டுக் காட்டுவார். எனக்கு வேண்டியது அது இல்லை. முன்பின் தெரியாத ஒருவன் தன் கணக்கையெல்லாம் தூக்கி இன்னொருவன் மேசையில் வைக்கிறானே, அந்த நிமிஷம் எப்படி நடக்கிறது என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் இவரிடமும் சொன்னேன். இவர்தான் கேட்டார், வாரவங்க என்ன பேசோணும் என்று. ஆளுக எப்புடி நம்பி வந்தாங்கன்னு பேசோணுங்க, என்றேன், விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டே. இவர் தானாகவே ஆரம்பித்தார். மொத மொதல்ல ஒரு பாத்திரக் கடைக்காரரு வந்தாரு கலா, பழனியப்பன்னு, உனக்குத் தெரியாது, அப்ப நமக்குக் கல்யாணம் ஆகல. சேல்ஸ் டாக்ஸ்ல ஒரு கேள்வி கேட்டாரு. எனக்குத் தெரியல. தெரியலீங்க, படிச்சுப் பாத்து நாளைக்குச் சொல்றேன்னேன். அவரு போயிட்டாரு, அவ்வளவுதான் இனி வரமாட்டாருன்னு நெனச்சேன். அடுத்த நாள் வந்தாரு. ஏனுங்க, நீங்க வேற யார்கிட்டயும் போகலியான்னு கேட்டேன். இதுவரைக்கும் நாலு ஆடிட்டரப் பாத்துட்டேன் தம்பி, ஒருத்தருமே தெரியலன்னு சொன்னதில்ல, அதனாலதான் எல்லாத்தையும் மாத்த வேண்டியதாப் போச்சுன்னாரு. இவர் இதைச் சொல்லிவிட்டு இன்னொன்று சொன்னார், அதற்குப் பிறகு இன்னொன்று. கையை ஆட்டிப் பேசினார். நடுவில் எழுந்து நின்றுகூடப் பேசினார். நான் ம், ம் என்று மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். கூட்டல் தப்பாகிவிட்டது, கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன், என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து நின்று ஏன் பேசினார்? வீட்டில் யார் எழுந்து நின்று பேசுவார்கள்? நான் நடையை நிறுத்திவிட்டேன். ஒரு பையன் நிமிர்ந்து பார்க்கிறான், அவன் தலைக்கு மேல் நான் நிற்பதால் பயந்துவிட்டான் போலிருக்கிறது, நகர்ந்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டு பேசியது. நேற்று முடி வெட்டிக்கொண்டு வந்தது. வெயிலில் காய்கிற கோட்டு. ஆளு முடிவாயிருச்சா. இன்னைக்கே அனுப்போணுமா. அட முருகா. இவர் கேட்டிருக்கிறார். வேலை கேட்டு யாரிடமும் போய் நிற்காத மனுஷர், ஒரு சிட்டிகை உப்புக் கேட்காத மனுஷர், ஒரு வாரமாக என் பின்னாலேயே வந்து, தனக்குத் தெரிந்த ஒரே முறையில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆள் எப்படி ஆளைத் தேடுகிறான், சொல்லாமல் எப்படிச் சொல்கிறான் என்று பன்னிரண்டு வகுப்புக்குப் பாடம். கோபம் முதலில் அவர் மேல்தான் வந்தது, வாயைத் திறந்து கேட்டால் என்ன, நான் என்ன வருமான வரி அதிகாரியா? பிறகு என் மேல் வந்தது. டீன் என்னிடம்தானே முதலில் கேட்டார், மேடம், லோக்கல்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் யாராவது சொல்லுங்க என்று. நான் மளமளவென்று சொன்னேனே, ஆர்.எஸ்.புரத்துக்காரர், சாயிபாபா காலனிக்காரர், பீளமேட்டில் அந்த அம்மா, ஐந்தாறு பேர். ஊரில் இருக்கிற ஆடிட்டர் பெயரெல்லாம் என் வாயில் வந்தது. அதில் இவர் பெயர் இல்லை. வேண்டாம் என்று விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, ஞாபகமே வரவில்லை. எப்படி வராமல் போகும், இருபத்து நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு?

பெயர் என் வாயில் பழக்கமில்லை, அதுதான். கட்டிய நாளிலிருந்து ஏனுங்க, என்னங்க, இங்க பாருங்க. வெளியே என்றால் எங்க வீட்டுக்காரரு. பேங்கில் கேட்டால் பாஸ்புக்கை நீட்டுவேன். கேஸ் கம்பெனிக்காரன் போனில் கேட்டால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேனே தவிர முழுசாகச் சொல்ல மாட்டேன். பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை, முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன், கருத்தரங்கில் ஆண் பெண் சமத்துவம்கூடப் பேசியிருக்கிறேன், ஆனால் நாக்குக்கு அதெல்லாம் தெரியவில்லை. சொல்லாத பெயர் நினைப்பிலும் வரிசையில் நிற்பதில்லை. மற்ற ஆடிட்டர்கள் எல்லாம் பெயராக இருந்தார்கள், இவர் இவராகவே இருந்தார். ஊருக்கும் இப்போது அப்பா காலத்து ஆடிட்டர். பெயர் எங்கேதான் இருக்கிறது, டயர் கடைக்கு மேல் அந்தச் சின்னப் பலகையில் மட்டும். அதுவும் இந்த அளவுக்கு மேல் இருந்தால் விளம்பரம் மாதிரித் தெரியும் என்று சின்னதாக எழுதச் சொன்னது இவர்தான். குழந்தைவேலு. சொல்லிவிட்டேன். மனதுக்குள் என்றுதான் நினைத்தேன், வெளியே வந்துவிட்டது. மூன்றாவது வரிசைப் பெண் நிமிர்ந்து, மேம், கூப்டீங்களா, என்றாள். ஒண்ணுமில்ல, நீ எழுதும்மா. முகம் சூடாகிவிட்டது. மேடைக்குப் போய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சரி, பெயரைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசி கலாமணி, நீதான் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் எழுதுகிறவளாயிற்றே. ஆசிரியர் அறையில் பேசுவார்கள், புருஷனை ஏத்திவிடறாங்க என்று. பேசட்டும் என்று சொல்ல எனக்கு எளிதாக வரவில்லை, நானும் அப்படி இன்னொருத்தியைப் பற்றிப் பேசியவள்தான். டீன் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொண்டாலும் கௌதம் பெயருக்குச் சேருகிற பிள்ளைகள் இவர் பெயருக்குச் சேருவார்களா? சேராமல் போனால் பாடம் மூடும், அதுவும் இவர் பெயரைப் போட்டதால் மூடியது என்று ஆகும், அது இவருக்குத் தெரிந்தால்? அப்பா காலத்து ஆடிட்டர் என்பதைவிட அது மோசம். பேசாமல் கௌதமையே அனுப்பிவிட்டு, சாயங்காலம் கேசரி கிளறிக் கொடுத்து, பழனியப்பன் கதையை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்கலாம். சொல்வார் என்றா நினைக்கிறாய், சொல்லவே மாட்டார். மறுபடியும் ரசம் நல்லா இருக்கு என்பார். பறக்கும் படை இரண்டு பேர் வாசலில் எட்டிப் பார்த்து, வராதவர்கள் விவரம் கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு நிமிஷம் போன் பேசிவிட்டு வரட்டுமா என்று அவர்களிடம் கேட்கலாமா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. எனக்கும் கேட்க வராது போலிருக்கிறது. இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்? ஆபீசுக்குப் போயிருப்பார், போகும் முன்னால் கோட்டை எடுத்து மறுபடியும் பீரோவில் மாட்டியிருப்பார். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது, கண்காணிப்புக்கு வந்த அம்மா அழுகிறாள் என்று பிள்ளைகள் பார்க்கக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஒரு தண்ணீர் லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் இருப்பதற்கான மணி அடித்தது. நூல் கொடுத்தேன். கட்டினார்கள். ஒருவன் கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தான், வழக்கமாகப் பிடுங்கிவிடுவேன், இன்றைக்கு அவன் முடிக்கிறவரை கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.

விடைத்தாள் கட்டை ஒப்படைத்துவிட்டு மயில்சாமியிடம் போனை வாங்கினேன். டீன் ரெண்டு வாட்டி கூப்ட்டாருங் மேடம், என்றான். சொல்லும்போதே திரும்பவும் அடித்தது. மேடம், உங்க அவுட்லைன் மட்டும்தான் வரல, கௌதம் சார் ஆபீஸ்ல இன்னும் உறுதியாச் சொல்லல, இருந்தாலும் பேரப் போட்டு அனுப்பிடுங்க, என்றார். சார், கௌதம் வேண்டாம், குழந்தைவேலுன்னு ஒரு ஆடிட்டர் எடுப்பார், என்றேன். மறுபடியும் சொன்னால் சொல்ல வருமா என்று பயந்திருந்தேன், வந்தது. யாரு மேடம் அது, எந்த ஃபர்ம்? தனியாப் பண்றவர் சார், காந்திபுரத்துல ஆபீஸ். எங்க வீட்டுக்காரர். மேடம், நல்லா யோசிச்சீங்களா, பசங்க சேரலைன்னா போன வருஷம் மாதிரிதான், நான் ஒண்ணும் பண்ண முடியாது, என்றார். தெரியும் சார். உங்க இஷ்டம், என்று வைத்துவிட்டார். ஒப்புக்கொண்டாரா இல்லையா என்றே தெரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, வரவேண்டிய ஆளை நான் இன்னும் கேட்கவே இல்லை.

இவரைக் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தார்.

“சொல்லு கலா.”

“சாப்புட்டீங்களா?”

“இன்னும் இல்ல. ஏன், பரீச்ச முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சுதுங்க. அந்த எட்டாவது வகுப்பு இருக்குதில்லீங்க, அதுக்கு நீங்க வரோணும்.”

கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது.

“அந்தக் கௌதம்?”

“அவரு வேண்டாம்னு டீன்கிட்டச் சொல்லிட்டேன்.”

“எதுக்கு? நா ஒண்ணும் கேக்கலியே. நா எப்பக் கேட்டேன்?” படபடவென்று சொன்னார், திருடிவிட்டான் என்று யாரோ சொன்ன மாதிரி.

“நீங்க கேக்கலீங்க. நாந்தான் கேக்கறேன். எனக்கு நீங்க வந்து பேசோணும். வாரீங்களா?”

“உம்பட வேலைக்கு ஏதாச்சும் சங்கடம் வருமா?”

“வந்தா பாத்துக்கலாங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, கதவு சாத்தியது, உதவியாளருக்குக் கேட்கக் கூடாது என்று சாத்தியிருக்க வேண்டும். பிறகு இவர், நான் இத்தனை வருஷத்தில் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

“கலா, அங்க தமிழ்ல பேசலாமா?”